தூண்டில் கடை வாசலில் காற்று

“உயர் காற்றழுத்தம் வந்து நம்ம வட்டாரத்து மேல உக்காந்திருச்சு. விருந்துக்கு வந்த மச்சான் மாதிரி, இப்போதைக்குக் கிளம்பாது,” என்றார் வானொலியில் வானிலை வாசிக்கும் மார்வின். “ஞாயிறு வரைக்கும் நல்ல வெயில். மேகம் இல்ல, மழை இல்ல, காற்றும் இல்ல. நெல்லு அடிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல சேதி என்கிட்ட கிடையாது.”

ஏரிக்கரையில் எல்லோரும் சிரித்தார்கள். வெண்டல் மாமா வானொலிப் பெட்டியின் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

வடக்கு மினசோட்டாவில் அது செப்டம்பர் மாதம். அந்த ஏரியில் நெல்லை யாரும் விதைப்பதில்லை. அது காட்டு நெல்; அரிசி கறுப்பு. தானாகவே தண்ணீரில் முளைத்து, ஆளுயரம் நிற்கும். படகில் போய், கதிரை வளைத்து, கோலால் மெல்லத் தட்டினால் நெல் படகுக்குள் உதிரும். காற்றடித்தால் அத்தனையும் தண்ணீரில் கொட்டிவிடும். அந்த வாரம் ஒரு இலைகூட அசையவில்லை. படகுகள் நிறைந்து நிறைந்து வந்தன.

மாமாவின் அக்கா மகள் டெலியாவும் அந்த வாரம் முழுக்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள். வியாழக்கிழமை மாலை வரைக்கும்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் அவளுடைய அண்ணன் லெனி இறந்துபோனான். அந்தச் சனிக்கிழமை அவனுக்கு வருட விருந்து. அவர்கள் வழக்கப்படி, சாவு நடந்த வீட்டார் அந்த விருந்து வரைக்கும் புது அரிசியை வாயில் வைக்க மாட்டார்கள். அன்றைக்கு உறவினர் ஒருவர்தான் முதல் கரண்டியை ஊட்டிவிட வேண்டும். இறந்தவருக்கும் ஒரு தட்டு வைப்பார்கள். அந்தத் தட்டில் அவர்கள் ஏரியின் புது அரிசி இருக்க வேண்டும்.

லெனிக்குத் தட்டு வைக்கத்தான் அம்மா அந்த வாரம் முழுக்க உழைத்தாள். நெல்லைக் காயவைத்தாள். பெரிய இரும்புக் கொப்பரையில் வறுத்தாள். வறுத்ததைக் குழியில் கொட்டியதும் டெலியா புது மான்தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கி, உமி கழல மிதித்தாள். கனமான ஆள் மிதித்தால் அரிசி நொறுங்கிவிடும். அதனால் அது சிறுவர்கள் வேலை. போன வருடத்துக்கு முந்தின வருடம்வரை லெனியின் வேலை. அவன் பாட்டுப் பாடிக்கொண்டு குதிப்பான், பாதி உமி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை மாலை மிதித்து முடித்தாயிற்று. இனி தூற்ற வேண்டும். அம்மா மரப்பட்டை முறத்தில் அள்ளி, மேலே வீசினாள்.

உமி மேலே போனது. நேராகக் கீழே வந்தது. முறத்துக்குள்ளேயே விழுந்தது.

அம்மா மறுபடியும் வீசினாள். மறுபடியும் அப்படியே.

“அக்கா, காற்று வேணுமே,” என்றார் மாமா.

“இப்பத்தான் தெரியுதா?” என்றாள் அம்மா. “வாரம் பூரா காற்று இல்ல, காற்று இல்லன்னு ஆடினியே.”

“நீயுந்தான் சிரிச்ச.”

மாமா சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் போய் மின்விசிறியையும் ஜெனரேட்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். விசிறியை முழு வேகத்தில் வைத்தார். அம்மா முறத்தை வீசினாள்.

உமி பறந்தது. அரிசியும் கூடவே பறந்தது. இரண்டும் சேர்ந்து, தூங்கிக்கொண்டிருந்த நாயின் மேல் கொட்டின. நாய் எழுந்து நின்றபோது முள்ளம்பன்றி மாதிரி இருந்தது.

“வேகத்தைக் குறைங்க மாமா,” என்றாள் டெலியா.

குறைத்தார். விசிறி முனகியது. உமி அசையவில்லை.

அம்மா புல்லில் சிதறிய அரிசியைப் பொறுக்கினாள். 

“கடையில வாங்கிக்கலாம்,” என்றாள் அவள்.

“லெனி தட்டுல கடை அரிசியா?” என்றாள் டெலியா.

அம்மா நிமிராமல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை டெலியா பள்ளிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பேருந்து பக்கத்திலிருந்த இன்னொரு பெரிய ஏரியின் கரையில் கார்டி நடத்தும் தூண்டில் கடையைத் தாண்டிப் போனது. கடை வாசலில் ஒரு சிவப்புக் கொடி. ஈரக் காலுறை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் பேருந்து அதே வழியாகத் திரும்பியது. டெலியா கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினாள். கொடி சாலைப் பக்கமாக நீட்டிக்கொண்டு படபடவென்று ஆடியது.

பேருந்து வளைவு திரும்பிக் காட்டுக்குள் நுழைந்தது. அங்கே ஒரு இலைகூட ஆடவில்லை.

அவளுக்குப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. அன்று கார்டியின் தொப்பி பறந்து, அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். பேருந்தே சிரித்தது. அதுவும் மாலை நேரம்தான். தொப்பியும் ஏரியிலிருந்து சாலைப் பக்கமாகத்தான் பறந்தது.

பேருந்திலிருந்து இறங்கியதும் ஓடினாள்.

“மாமா, வண்டிய எடுங்க. தூண்டில் கடையில காற்று அடிக்குது.”

“மார்வின் இன்னிக்கும் காற்று இல்லன்னு சொன்னாரே.”

“மார்வின் எங்க உக்காந்து சொல்றாரு?”

மாமா யோசித்தார். “காட்டுக்கு நடுவுல. அந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது.”

“காலையில கொடி தொங்குது. நல்லா வெயில் ஏறின பிறகு பெரிய ஏரியிலேருந்து காற்று வருது. சூரியன் இறங்கினா நின்னுடும். சீக்கிரம் மாமா.”

“கொடிய நம்பி நாலு மூட்டையத் தூக்கணுமா?”

“விசிறிய நம்பித் தூக்கினீங்களே,” என்றாள் டெலியா.

அம்மா அதற்குள் முறங்களை வண்டியில் வைத்துவிட்டாள்.

கடை வாசலில் வண்டி நின்றதும் கார்டி வெளியே வந்தார். “புழு வேணுமா, மீன் குஞ்சு வேணுமா?”

“காற்று வேணும்,” என்றாள் டெலியா.

“அதை நான் விக்கிறதில்லம்மா. எவ்வளவு வேணாலும் எடுத்துக்கோ.”

அம்மா தண்ணீருக்கு முதுகு காட்டி நின்றாள். முறத்தில் அள்ளினாள், வீசினாள். உமி ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்விட்டது. அரிசி மட்டும் சரசரவென்று முறத்தில் விழுந்தது. கறுப்பாக, பளபளப்பாக.

அம்மா ஒரு நொடி முறத்தையே பார்த்தாள். பிறகு நிறுத்தவே இல்லை. இன்னொரு முறத்தை டெலியா எடுத்துக்கொண்டாள். மாமா மூட்டைகளை அவிழ்த்துக் கொடுத்தார். போன உமியெல்லாம் சாலையோரம் நின்ற கார்டியின் வண்டியில் ஒட்டிக்கொண்டது.

“என் வண்டிக்குத் தாடி முளைச்சிருக்கு,” என்றார் கார்டி.

“உங்க மூஞ்சிக்கும்தான்,” என்றார் மாமா.

கடைசி முறத்தின்போது சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. கொடி மெல்லத் தொங்கியது. அந்த முறத்தில் கொஞ்சம் உமி நின்றுவிட்டது.

“போதும், வா,” என்றாள் அம்மா.

மறுநாள் காலை மார்வின் வானிலை வாசித்தார். “உயர் அழுத்தம் அப்படியே உக்காந்திருக்கு. வட்டாரம் பூரா காற்று இல்ல. தூண்டில் கடை வாசல் மட்டும் விதிவிலக்கு. கார்டி போன் பண்ணி, ஒரு பொண்ணு கண்டுபிடிச்சான்னு சொன்னாரு.”

மதியம் விருந்துக்கு எல்லோரும் வந்தார்கள். லெனியின் தட்டில் முதலில் அரிசி வைத்தார்கள். பக்கத்தில் மீன், அவனுக்குப் பிடித்த அவுரிநெல்லிப் பழம். மாமா அந்தத் தட்டைக் கொண்டுபோய்த் தனியே மரத்தடியில் வைத்தார்.

பிறகு ஒரு கரண்டி எடுத்து அம்மாவுக்கு ஊட்டினார்.

அம்மா மெதுவாக மென்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

“உமி இருக்கு,” என்றாள்.

டெலியாவின் முகம் வாடிவிட்டது. “கடைசி முறம், அம்மா. காற்று நின்னுடுச்சு.”

“அதனால என்ன? லெனி மிதிச்சா இப்படித்தான் இருக்கும்.”

அம்மா மறுபடியும் வாயைத் திறந்தாள்.

“ஒரு கரண்டிதான் வழக்கம், அக்கா,” என்றார் மாமா.

“உன் வழக்கத்த நீயே வச்சுக்கோ. இன்னொரு கரண்டி குடு,” என்றாள் அம்மா. “அப்புறம் இவளுக்குக் குடு. நிறையக் குடு.”