இரவல் தாகம்

அப்பாவுக்குத் தாகம் எடுத்ததால் செண்பகவல்லி விழித்துக்கொண்டாள்.

விடைத்தாள் திருத்த வந்த ஆசிரியைகளுக்கென்று திருச்சியில் எடுத்திருந்த விடுதி அறை அது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. தலைமாட்டில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதை அவள் தொடவில்லை, கைபேசியைத்தான் எடுத்தாள். தாகத்தூது பூட்டிக்கொண்ட யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"அப்பா, எந்திரிச்சிட்டீங்களா? தண்ணி குடிங்க."

"இப்பத்தானட்டி குடிச்சேன்."

"குடிச்சா எனக்கு ஏன் இப்படி வறளுது? இன்னொரு டம்ளர் குடிங்க."

கோவில்பட்டி வீட்டில் அப்பா ஆவுடையப்பன் டம்ளரை மறுபடி நிரப்பினார். எண்பதைத் தாண்டிய அந்தத் தொண்டை மடக்கு மடக்காக விழுங்கும் சத்தம் கைபேசியில் கேட்டது. செண்பகவல்லி தன் தொண்டை குளிரக் காத்திருந்தாள். குளிரவில்லை.

வயது ஏற ஏற, உடம்பு வறண்டாலும் மூளை அதை வாய்க்குச் சொல்ல மறந்துவிடுகிறது. கோடை நீண்டு, பங்குனியிலேயே தார்ச்சாலை இளகத் தொடங்கிய பிறகு, அந்த மறதி பல வீடுகளில் உயிரை எடுத்தது. முதலில் கூவி அழைக்கும் கருவிகள் வந்தன. பெரியவர்கள் அவற்றைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டுத் தூங்கினார்கள். பிறகு பிள்ளைகளின் கைபேசிக்கு நீரளவை எண்ணாக அனுப்பும் கருவி வந்தது. பிள்ளைகள் எண்ணைப் பார்த்துவிட்டு, கையிலிருக்கிற வேலை முடியட்டும் என்று ஒத்திப்போட்டார்கள். கடைசியில்தான் யாருக்கோ அந்த யோசனை வந்தது. எண்ணை அனுப்ப வேண்டாம், தாகத்தையே அனுப்பிவிடலாம். அதுதான் தாகத்தூது. பெரியவரின் தோளெலும்புக்குக் கீழே ஒரு நீர்மானி. பிள்ளையின் வாய்க்குள், மேலண்ணத்தில், நகத்தளவு தகடு ஒன்று. அங்கே உடம்பு வறண்டால் இங்கே தொண்டை வறளும். திரை கிடையாது, எண் கிடையாது. தொண்டை வறண்டவர்களால் எதையும் ஒத்திப்போட முடியவில்லை. கோடைச் சாவுகள் பாதிக்குப் பாதி குறைந்தன.

செண்பகவல்லி தகடு பொருத்திக்கொண்டு ஆறு கோடைகள் ஆகிவிட்டன. அதற்கு முந்தின பங்குனியில் அப்பா அவளைப் பார்த்து, "கமலா, பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டார். கமலா, என்றோ செத்துப்போன அத்தை. புத்தி தடுமாறிவிட்டது, இனி இப்படித்தான் என்று அவள் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே பாட்டில் ஏற்றிய மறுநாளே அவர் தினசரி கேட்டு வாங்கிப் படித்தார். வெறும் நீர்க்குறைவு. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "குடிச்சா ராத்திரி எந்திரிக்கணும். வழுக்கி விழுந்தா உனக்குத்தான சிரமம்" என்றார். கனடாவிலிருக்கும் அண்ணன், தாகத்தூது அவ்வளவு தூரம் எட்டாது என்று சொல்லிவிட்டான். எட்டும். அவள் அவனோடு வாதாடவில்லை, தானே பொருத்திக்கொண்டாள். பொருத்திய பெண் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: "நீங்க குடிச்சா அடங்காதும்மா. அவங்க குடிக்கணும்." முதல் வாரம் குடம் குடமாகக் குடித்துப் பார்த்தாள். அடங்கவில்லை. அதன்பிறகு வாய் வறண்டால் அப்பாவைக் கூப்பிடுவதோடு சரி.

திருச்சியில் விழித்த அன்று அவர் குடிக்கக் குடிக்க வறட்சி கூடியது. விடைத்தாள் முகாம் அலுவலரிடம் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினாள்.

சாத்தூரில் வெயில் நிறுத்தம். உச்சி வெயிலில் தண்டவாளம் நெளியும் என்பதால், பொழுது சாயும்வரை எந்த வண்டியும் நகராது. மின்விசிறி அனலை வாரி இறைத்தது. கூடையோடு ஏறிய வெள்ளரிக்காய்க்காரி இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னக்கா, உதடு வெடிச்சுப் போய்க் கெடக்கு? பிஞ்சு வெள்ளரி. உப்பும் வத்தப்பொடியும் தடவித் தரட்டா?"

"எனக்குத் தாகமில்லம்மா. எங்கப்பாவுக்கு."

"அப்பா எங்க?"

"கோவில்பட்டில."

வெள்ளரிக்காய்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்ல கூத்து! அவருக்குத் தாகம், ஒங்களுக்கு வாய் வறளுது. வெள்ளரிக்காய நான் யாருட்ட விக்க?"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு ரூபியைக் கூப்பிட்டாள். விடிந்ததிலிருந்து ரூபிதான் அவரருகில் இருந்து டம்ளர் டம்ளராகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, நீங்க சொன்னதெல்லாம் குடுத்தாச்சு. நாக்க நீட்டச் சொல்லிப் பாத்தேன், ஈரமாத்தான் இருக்கு. ஒண்ணுக்குப் போறதும் பச்சத்தண்ணி கணக்காப் போகுது."

"பின்ன எனக்கு ஏன் அடங்கல?"

"தெரியலயே. தலை வலிக்குங்காரு. இப்ப ஒருதடவ வாந்தி வேற எடுத்துட்டாரு."

"ஐயோ, உள்ள இருந்த தண்ணியும் போயிருக்கும் ரூபி! கொஞ்சம் கொஞ்சமாக் குடு. விட்ராத."

"கால் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுதவரு. தண்ணி அளவாத்தான் குடிக்கணும்னு டாக்டர் சொன்னதா மாமாவே சொல்லுதாரே."

"அளவு சொல்லத்தான இந்தத் தகடு இருக்கு? எனக்கு நெஞ்சு வரைக்கும் காயுது. நீ வெளிய இருந்து பாக்குத, நான் உள்ள இருந்து பாக்கேன்."

நாக்கைப் பார்ப்பதும், தோலைக் கிள்ளி விடுவதும், சிறுநீரின் நிறத்தைக் கவனிப்பதும் தாகத்தூது வருவதற்கு முன்பு ஏழைபாழைகள் செய்த வேலை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கைபேசி அப்பாவின் கைக்குப் போனது.

"எம்மா, வயிறு முட்டுது. போதும்னு சொல்லேன்."

"எனக்கு அடங்கலையேப்பா."

"சரி, அழாத. உனக்காக இன்னொரு டம்ளர் குடிக்கேன்."

குடித்தார். இவள் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையில் ஒரு சொட்டு ஈரம் படாதா என்று தவம் கிடந்தாள். மணலைக் கொட்டிய மாதிரி இருந்தது. எழுந்து நின்றபோது பெட்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்குத் தலைசுற்றும் அளவுக்கு வறண்டுவிட்டது, அதுவும் சேர்ந்து வருகிறது என்று நினைத்தாள். தாகம் தவிர வேறெதையும் அந்தத் தகடு கொண்டுவராது என்பது அப்போது அவளுக்கு நினைவில்லை.

வண்டி கிளம்புகிற சமயத்தில் அவரே கூப்பிட்டார். குரல் குழறியது.

"கமலா... பஸ்ஸு போயிருச்சா?"

அதே கேள்வி. ஆறு வருடத்துக்கு முன்பு அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"ரூபி! நீர்க்குறைவேதான், எனக்குத் தெரியும். சொம்போட குடு!"

பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் பித்தளைச் சொம்பு உருளும் சத்தமும், "மாமா, மாமா" என்று ரூபி அலறுவதும் கேட்டன. பிறகு இணைப்பு அறுந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் அப்பா கண் மூடிக் கிடந்தார். முகம் ஊதியிருந்தது. வரும் வழியிலேயே இரண்டு தடவை வலிப்பு வந்ததாக ரூபி சொன்னாள். செண்பகவல்லி அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர், தண்ணி ஏத்துங்க, காலையிலேருந்து கதறுதேன், அவரு வறண்டு போயிட்டாரு" என்றாள். சொல்லும்போதே நாக்கு புரளவில்லை.

டாக்டர் அம்மா நீர்மானியின் பதிவை ஆஸ்பத்திரிக் கருவியில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலும் கீழும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

"டீச்சர், வறட்சி இல்ல. தண்ணி கூடிப் போச்சு. ரத்தத்துல உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கியிருக்கு. அதுக்கும் இப்படித்தான் பேச்சுத் தடுமாறும்."

"இல்ல டாக்டர். எனக்கு இப்பவும் வறளுது."

"இந்த நீர்மானி இன்னிக்கு ஒரு தடவகூட உங்களுக்குத் தாகம் அனுப்பல. நேத்தும் இல்ல."

"அப்ப தகடு கெட்டுப்போச்சா?"

"கழத்துங்க, பாப்போம்."

வாய்க்குள் நகத்தைக் கொடுத்துத் தகட்டை நெம்பி எடுத்தாள். அது டாக்டரின் உள்ளங்கையில் காய்ந்த மீன்செதிலைப் போலக் கிடந்தது. செண்பகவல்லி வாயை மூடித் திறந்தாள். தொண்டை அப்படியே இருந்தது. அதே மணல்.

டாக்டர் அவள் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். அது கூடாரம் மாதிரி நின்று, மெல்ல, மனமில்லாமல் படிந்தது.

"நீங்க எப்ப தண்ணி குடிச்சீங்க?"

யோசித்தாள். முகாமில் தகரக்கூரை. பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் வராது. அதனால் ஆசிரியைகள் யாரும் பகலில் குடிப்பதில்லை. வயதானவர்கள் மாதிரி அடக்கிக்கொள்வார்கள். சாயங்காலம் காபி. அதற்கு மேல் நினைவுக்கு எதுவும் வரவில்லை.

"தகடு போட்டவங்க இப்ப வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க," என்றார் டாக்டர். சலிப்பா இரக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். "பெத்தவங்களுக்காக வறண்டு வறண்டு, சொந்த வாய் யாரோடதுன்னு மறந்துபோகுது."

"அப்பா பொழச்சிருவாரா?"

"உப்ப மெதுவாத்தான் ஏத்தணும். வேகமா ஏத்தினா அதுவும் ஆபத்து. விடிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

செவிலிப் பெண் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். செண்பகவல்லி வாங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "குடிங்கக்கா, நீங்களும் விழுந்துட்டா நான் என்ன செய்வேன்?" என்று ரூபி அவள் கையில் திணித்தாள்.

முதல் மடக்கை விழுங்கினாள். தொண்டை குளிர்ந்தது. டம்ளரை இறக்கிவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள். அப்பாவின் உதடுகள் அசையவில்லை, அவர் எதையும் விழுங்கவில்லை. இரண்டாவது மடக்கு. நாக்கு அண்ணத்தை விட்டு இளகியது. மூன்றாவதில் காலையிலிருந்து நெஞ்சில் அடைத்திருந்த மணல் கரைந்து இறங்கத் தொடங்கியது.

அடங்கிவிடக் கூடாதே, இது அவருடைய தாகமாகவே இருந்துவிட வேண்டுமே என்று வேண்டியபடி, அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தாகம் அடங்கிவிட்டது.