இரண்டு தடவை சிமிட்டல்

மவுன் நகரத்திலிருந்து கிளம்பும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. வேறு யாராவது என்றால் விடியட்டும் என்று இருந்திருப்பார்கள். மொலெஃபிக்குக் காத்திருப்பது என்றாலே வேப்பங்காய். பத்து வயது மகள் செய்போனேயைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் சின்ன விமானத்தைக் கான்சி ஊருக்குப் பக்கத்திலிருந்த தன் மாட்டுப் பண்ணைக்குத் திருப்பினார்.

கீழே மை இருட்டு. வெகுநேரம் கழித்து ஓடுபாதை தெரிந்தது. வரிசையாக ஏழு டின் விளக்குகள்.

பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கேற்றி, பாதையில் படுத்திருக்கும் மாடுகளை விரட்டிய பிறகு, ஆள் தன் வண்டியின் முன்விளக்கை இரண்டு தடவை சிமிட்டுவான். அதைப் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். போன வருடம் மொலெஃபி அதற்குக் காத்திருக்கவில்லை. பாதையில் கன்று ஒன்றை இழுத்துக்கொண்டிருந்த பண்ணையாள் தேபேயின் தலையை விமானத்தின் விசிறி சீவிக்கொண்டு போனது. பல்லும் மயிரும் கண்ணாடியில் அப்பிக்கொண்டன. "சிமிட்டினான், அதனாலதான் இறங்கினேன். குடிச்சுட்டு மறுபடி குறுக்க வந்துட்டான்" என்று போலீசிடம் சாதித்துவிட்டார். தேபே குடிக்கமாட்டான் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் முதலாளி சொன்னதுதான் எடுபட்டது.

கீழே முன்விளக்கு சிமிட்டியது.

ஒன்று. இரண்டு.

"பாத்தியா? இன்னைக்குத்தான் கபோ சுறுசுறுப்பா இருக்கான்" என்றபடி மொலெஃபி இறங்கத் தொடங்கினார்.

ரேடியோ கரகரத்தது. கை ரேடியோவில் பேசிய வேலையாள் கபோவுக்கு மூச்சிரைத்தது. "ஐயா, இறங்காதீங்க! வண்டி பேட்டரி செத்துப்போச்சு. நான் இன்னும் பண்ணை கேட் கிட்டயே நிக்கிறேன். வெளக்கு ஒண்ணுகூட ஏத்தல. பாதை பூரா மாடு!"

"டேய், அப்ப லைட்டு சிமிட்டுனது யாரு?"

ரேடியோவில் ஈரமான ஒரு மூச்சு.

"நாந்தான் ஐயா." தேபேயின் குரல். "நீங்க போலீஸ்ல சொன்ன மாதிரியே ரெண்டு தடவ சிமிட்டிட்டேன். வாங்க."

விமானத்தை மேலே தூக்க மொலெஃபி கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். அசையவில்லை. உள்ளே பச்சை ரத்த வாடை குப்பென்று அடித்தது.

"அப்பா, யாரோ பிடிச்சிருக்காங்க!"

மகளின் அலறலில் அவர் வீம்பெல்லாம் உடைந்தது. "நீ சிமிட்டவே இல்லடா! நாந்தான் அவசரப்பட்டேன், பொய் சொன்னேன்! புள்ளைய விட்டுடு தேபே!"

விளக்குகள் அணைந்தன.

கைப்பிடி இளகியது. ஆனால் தரை வந்துவிட்டிருந்தது. சக்கரம் ஒரு காளையின் முதுகை முறித்தது. விசிறி அடுத்த மாட்டின் விலாவைப் பிளந்து, குடலைச் சுழற்றி வீசியது. விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

கபோ டார்ச்சோடு ஓடிவந்தான். செய்போனேயின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. மொலெஃபியின் இரண்டு கால்களும் எஞ்சினுக்கடியில் நசுங்கிக் கிடந்தன.

"பாப்பாவ வீட்ல விட்டுட்டு ஆளுங்கள கூட்டியாரேன். அசையாம இருங்க ஐயா."

"போ. மொதல்ல அவளக் கொண்டுபோ."

அவர்கள் போன பிறகு பாதையில் அவரும் செத்த மாடுகளும்தான். அப்போது கேட்டுப் பக்கம், பேட்டரி செத்த வண்டியின் முன்விளக்கு சிமிட்டியது.

ஒன்று.

இரண்டு.

வானத்தில் எஞ்சின் சத்தம். பதினைந்து வருடமாக அவர் ஓட்டிய விமானத்தின் சத்தம் அது. அதே விமானம் அவர் கால்மேல் நொறுங்கிக் கிடந்தது. சத்தம் பாதையை நோக்கித் தாழ்ந்து வந்தது.

இரண்டு கைகளையும் வீசி, "இருங்க! இறங்காதீங்க!" என்று கத்தினார்.

ஓட்டி வந்தவர் காத்திருக்கவில்லை.