பூசை போடாத கார்

போன் அலறியது.

ஆவுடைநாயகம் உடனே எடுக்கவில்லை. குற்றமற்றவர்கள் நான்காவது மணியில்தான் எடுப்பார்கள் என்பது அவர் கணிப்பு. எண்ணியிருந்து எடுத்தார்.

"அண்ணாச்சி... நம்ம தலைவர் பால்வண்ணம் ஸ்ரீவராகம் குளத்துல கெடக்காவ. உசிரு இல்ல அண்ணாச்சி."

மறுமுனையில் திருமுறை மன்றத்துப் பொருளாளர்.

"சிவ சிவா..." என்றார் ஆவுடைநாயகம்.

விடிந்ததிலிருந்து ஒத்திகை பார்த்த சிவ சிவா. பிசிறில்லாமல் வந்தது!

பழவங்காடியில் பாத்திரக்கடை. நெற்றி நிறையத் திருநீறு. மன்றத்தில் பதினெட்டு ஆண்டுகளாகச் செயலாளர். தலைவர் நாற்காலி மட்டும் வாய்க்கவில்லை. அதில் பால்வண்ணம் வேர்விட்டு அமர்ந்திருந்தார். போதாதற்கு, கடந்த சிவராத்திரியன்று ஆவுடைநாயகம் பதிகம் பாடும்போது மேடையிலேயே குறுக்கிட்டு, "பண் தப்புதுவே, எறங்கும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்.

சபை சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது... மரணம்!

கருவிதான் சிக்கல். தினமும் விடியுமுன் ஐந்தேகால் மணிக்குக் குளக்கரை ஓரமாகப் பதிகம் பாடிக்கொண்டே நடப்பார் பால்வண்ணம். பின்னால் தொலைவில் எஞ்ஜின் உறுமினாலே சுவரோடு ஒதுங்கிவிடும் காது. ஆகவே, ஓசையில்லாத கார் வேண்டும்.

ஆறு மாதம் ஷோரூம் ஷோரூமாக அலைந்தார். விற்பனைப் பெண் லிபியிடம் அவர் விலை கேட்கவில்லை; மைலேஜும் கேட்கவில்லை. முன்னால் நடக்கும் மனிதனுக்குச் சத்தம் கேட்குமா என்றே கேட்டார். பாதசாரிகள்மீது இத்தனை கருணையா என்று லிபி நெகிழ்ந்து காபி வரவழைத்தாள்.

முழு மின்சார செடான், மௌன விரதம் பூண்ட முனிவரைப் போல ஊர்ந்தது. கைகூடி வரும் நேரத்தில் ஐயம் எழுந்தது. ஓசையின்றி ஒருவர் செத்தால் போலீஸ் முதலில் தேடுவது மின்சாரக் காரைத்தானே?

லிபிதான் மலையாளம் கலந்த தமிழில் வழிகாட்டினாள்.

"அப்போ பிளக்-இன் ஹைபிரிட் எடுத்துக்கோங்க சாரே. சார்ஜ் இருக்குற வரைக்கும் கரண்டுல ஓடும், ஒச்சையே கிடையாது. பட்டனை அமுக்கினா பெட்ரோல். ரெண்டும் ஒரே வண்டி."

ஆவுடைநாயகத்துக்கு மெய்சிலிர்த்தது. உமையம்மையை இடப்பாகத்தில் ஏற்ற பெருமானின் திருக்கோலமல்லவா இது! கொல்லும்போது மின்சாரம். கேள்வி கேட்டால் பெட்ரோல்.

நேற்று மாலை கார் வீடு வந்தது. இன்று விடியலில் பின்புறம் மெல்ல ஒரு தள்ளு... பதிகம் பாதியில் நின்றது. குளம் மீதியை விழுங்கியது.

ஒன்பது மணிக்கு வாசலில் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் எலிசாள். பாறசாலைக்காரி. உடன் கான்ஸ்டபிள் அகில்.

குளக்கரைச் சேற்றில் புத்தம்புதிய டயரின் தடம் இருப்பதாகவும், குளத்தை ஒட்டிய இந்தத் தெருவில் புதுக் கார் இது ஒன்றே என்றும் அவள் சொன்னாள். பால்காரி உலகம்மை அந்நேரம் குளக்கரைத் தெருமுக்கில்தான் நின்றிருக்கிறாள். எஞ்ஜின் சத்தம் எதுவும் கேட்கவில்லையாம்.

"அப்பம் இது கரண்டு வண்டியா சாரே?"

"பெட்ரோல் வண்டிம்மா. ஸ்டார்ட் பண்ணுனா தெருவே முழிச்சிரும்."

"கரண்டுலயும் ஓடும்னு பின்னால எழுதியிருக்கே."

இதையும் எதிர்பார்த்திருந்தார். இரண்டாவது கேடயத்தை நிதானமாக எடுத்தார்.

"எதுல ஓடுனா என்னம்மா? வண்டி வந்ததுலேருந்து நவுரல. இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. வெள்ளிக்கிழமதான் பூசை. பூசை போடாத வண்டிய நான் ரோட்டுல எறக்கவே மாட்டேன். தெருவுல யாரையும் கேளுங்க."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மனைவி கௌசல்யா நிலைப்படியிலிருந்தே சாட்சி சொன்னாள்.

"அவ்வோ பூசை போடாம சைக்கிளக்கூட மிதிக்க மாட்டாவம்மா. காலம்பற நாலு மணிக்கே எந்திச்சு வழக்கம்போல கோயிலுக்கு நடந்துதான் போனாவ."

பாவம், உண்மையாகவே நம்பினாள். கொட்டகையிலிருந்து கார் வெளியேறிய ஓசைதான் அவளுக்குக் கேட்கவில்லையே!

எலிசாள் தலையாட்டினாள். அவள் முகத்தில் சலிப்பு தெரிந்தது. ஆவுடைநாயகத்தின் மனத்தில் தலைவர் நாற்காலிக்கு மெத்தை தைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"சரி சாரே. அந்தச் சத்தத்த மட்டும் கேட்டுட்டு நாங்க போறோம்."

அவரே ஏறி அமர்ந்து பொத்தானை அழுத்தினார். பெட்ரோல் எஞ்ஜின் உறுமியது. எலிசாள் திறந்த ஜன்னலில் கையூன்றி நின்றாள்.

அப்போது சட்டைப்பையில் போன் துடித்தது.

அவர் அதைத் தொடவேயில்லை. ஆறு மாதம் ஆராய்ந்து வாங்கிய அறிவுள்ள கார், ஏறியதுமே போனோடு இணைந்துகொண்டிருந்தது; நான்காவது மணிக்குக் காத்திராமல் தானே அழைப்பை எடுத்தது. நான்கு ஒலிபெருக்கிகளும் ஒருசேர முழங்கின.

"ஆவுடைநாயகம் சார் அல்லே? கணபதி கோயில் கவுண்டர்ல இருந்து. காலைல நாலே முக்காலுக்கு இந்தப் புதுக் காருக்கு வாகன பூஜை நடத்தினீங்களே, பிரசாதம் எடுக்க மறந்நு போயி. ரசீதுல போன் நம்பர் இருந்தது. பேரு, நட்சத்திரம், வண்டி நம்பர் எல்லாம் சரியல்லே சாரே?"

ஆவுடைநாயகத்தின் விரல் அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானைத் தேடியது.

அறுபத்திரண்டு வயதில் முதல் கொலை. அதற்குக் கை கூசவில்லை. பூசை போடாத காரில் போய்ச் செய்வதற்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஆனைமுகனுக்கு ஒரு தேங்காயை உடைத்து, சக்கரத்தின்கீழ் எலுமிச்சை நசுக்கி, இடையூறு ஏதும் வராமல் காக்கும்படி கண்ணீர்மல்க வேண்டிக்கொண்டுதான் குளக்கரைக்குத் திரும்பினார். பால்வண்ணம் வரும் நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் இலைப் பிரசாதம் கவுண்டரிலேயே தங்கிவிட்டது.

எலிசாள் ஜன்னல் வழியே கையை நீட்டி எஞ்ஜினை அணைத்தாள்.

"நாலே முக்கால்" என்றாள். "அகில், கோயிலுக்குப் போய் அந்த ரசீதோட நகலை வாங்கிக்கோ. பிரசாதத்தையும் வாங்கிக்கோ, பாவம், மனுசன் நேர்ந்துக்கிட்டது."

கௌசல்யா நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

ஆவுடைநாயகம் இறங்கினார். ஜீப்பின் அருகே வந்ததும், ஆறு மாதப் பழக்கத்தில், தம்மையறியாமல் நின்று வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார்.

"யோசிக்கவே வேண்டாம், ஏறுங்க சாரே" என்றாள் எலிசாள். "இது வெறும் டீசலு. பூசையெல்லாம் எப்பவோ போட்டாச்சு."