இருநூறு காலடிச் சுற்று

பதினான்கு காலடி கூடுதலாக விழுந்திருந்தது.

அமெதியோ கண்ணைத் திறந்து கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். கடிகாரம் பொய் சொல்லும், கால் சொல்லாது என்பது அவருடைய இருபத்தைந்து வருடப் பயிற்சிப் பாடம். அதனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு காலடிகளை எண்ணுவார். இலாரியா நானூறு மீட்டர் சுற்றை இருநூறு காலடியில் முடிப்பாள். பதினாறு வயதிலிருந்து அதுதான் கணக்கு. காய்ச்சலோடு ஓடிய நாளில்கூட இரண்டு கூடியதில்லை. இன்றைக்கு இருநூற்றுப் பதினான்கு.

"தூங்கிட்டே ஓடுறியாடீ?"

"இல்லப்பா. வேகமாத்தான் வந்தேன்," என்றாள் அவள், முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டே.

அவருக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்தே எல்லாம் எரிச்சல்தான். மூன்று நாளில் தேர்வு ஓட்டம். போன வருடம் அரை வினாடியில் தேசிய அணியைக் கோட்டைவிட்டவளுக்கு இருபத்து நான்கு வயதில் கிடைத்த கடைசி வாய்ப்பு. கெஞ்சிக் கூத்தாடித் தடகளச் சங்கத்துக்காரர்களைச் சம்மதிக்க வைத்து அரை மணி முன்பு இங்கே வந்தால், வாசலில் காவலாளி சவேரியோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

"மாஸ்டர், நாளைக்குத் திருநாள். ரோம் நகரமே கடற்கரைக்குப் போயிடுச்சு. நீங்க இந்த உச்சிவேளையில வந்து நிக்கிறீங்களே?"

"எனக்கு உச்சிவேளை, அந்திவேளை எல்லாம் கிடையாதுய்யா. கதவத் திற."

"எங்க ஊர்ப்பக்கம் இந்த நேரத்துல நாய்கூட வெளிய வராது. நாலு மணிக்கு வாங்க. இது நம்ம நேரம் இல்ல."

"தெற்கத்திக்காரன் எல்லாருக்கும் மதியம் தூங்க ஒரு பேய்க்கதை வேணும்," என்று அமெதியோ சொல்ல, சவேரியோ சிரிக்காமல் கதவைத் திறந்துவிட்டுத் தன் அறைக்குள் போய்ச் சன்னலை அடைத்துக்கொண்டான்.

பாசிசக் கறுப்புச் சட்டைக்காரர்கள் இத்தாலியை ஆண்ட காலத்தில் கட்டிய மைதானம் அது. வெயிலில் காய்ந்த வெள்ளைப் பளிங்குப் படிகளிலிருந்து கிளம்பிய சூடு முகத்தில் அறைந்தது, மலைச்சரிவுப் பைன் மரங்களின் பிசின் வாசம் தொண்டைக்குள் இறங்கிக் கசந்தது, மரமெங்கும் சில்வண்டுகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. விளிம்பைச் சுற்றி அறுபது பளிங்கு ஆண்கள், ஒவ்வொருவனும் இரண்டு ஆள் உயரம், பந்தும் வில்லும் கதாயுதமுமாக, உடம்பில் துணியில்லாமல், கண்ணில் கருவிழியும் இல்லாமல் நின்றார்கள். உச்சிச் சூரியனில் அவர்களுக்கு நிழலே இல்லை.

இரண்டாவது சுற்று. அமெதியோ கண்ணை மூடினார். இருநூறு வந்தது, போனது. இருநூற்று நாற்பது. இருநூற்று அறுபத்தொன்றில்தான் அவள் கோட்டைத் தாண்டினாள். கடிகாரமும் அதற்கேற்பவே காட்டியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

"அப்பா, அந்தப் பக்கத்து நேர்கோடு..." அவள் உதடு வெளுத்திருந்தது. "அது முடியவே மாட்டேங்குது. நான் ஓடிட்டேதான் இருக்கேன். வளைவு கிட்டவே வரல."

"சாக்கு சொல்லாத."

"சாக்கு இல்லப்பா. நாலு மணிக்கு வருவோம். ப்ளீஸ்."

அந்தக் குரலில் இருந்தது பயம் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் கோபம் விடவில்லை. இத்தனை வருட உழைப்பு, இத்தனை பேரிடம் பல்லிளித்தது, எல்லாம் ஒரு மதிய வெயிலில் வீணாகிறதே என்ற ஆத்திரம். கையை உயர்த்திச் சிலைகளைக் காட்டினார்.

"இவனுங்களப் பாரு. எவனாவது களைச்சுப்போய் நிக்கிறானா? அப்படி ஓடணும். போ!"

இலாரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டில் நின்றாள். ஓடினாள்.

இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. அழகான ஓட்டம். முழங்கால் நன்றாக எழும்பியது, தோள் தளர்ந்திருந்தது. இத்தனை வேகமாக அவள் ஓடி அவர் பார்த்ததேயில்லை. ஐம்பது. முதல் வளைவைத் தாண்டினாள். இருநூறு. எதிர்ப்பக்க நேர்கோட்டில் இருந்தாள். முந்நூறு. அங்கேயேதான் இருந்தாள்.

சில்வண்டுகள் நின்றிருந்தன. எப்போது நின்றன என்று தெரியவில்லை.

நானூறு. அவள் கால்கள் பறந்தன. ஆனால் அவள் சிறுத்திருந்தாள். ஒரு முழம் இருந்தவள் ஒரு சாண் ஆனாள். அவளுக்குப் பின்னால் பளிங்கு ஆண்கள் மட்டும் அதே உயரத்தில் நின்றார்கள்.

"இலாரியா! போதும்! வா!"

சத்தம் படிகளில் மோதித் திரும்பியது. குறுக்கே போய்விடலாம் என்று புல்வெளியில் இறங்கி ஓடினார். மூச்சு முட்டும்வரை ஓடினார். திரும்பிப் பார்த்தபோது, தொடக்கக் கோடு அவர் குதிகாலுக்குக் கீழேயே கிடந்தது.

"சவேரியோ! யோவ்!"

சன்னல் திறக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தார். அவள் அவ்வளவு தூரத்தில் இருந்தும் காலடிச் சத்தம் தூரத்தில் இல்லை. பக்கத்திலேயே விழுந்தது. தப், தப், தப். ஐந்நூற்றுப் பத்து. ஐந்நூற்றுப் பதினொன்று. உதடு தானாக எண்ணிக்கொண்டிருந்தது. அழுகை வந்து எண்ணிக்கை ஒரு நொடி அறுந்தது.

சத்தமும் அறுந்தது. எதிர்ப்பக்கத்தில் யாருமே இல்லை. வெறும் தடம்.

அவர் பதறிப்போய் அடுத்த எண்ணைக் கத்தினார். தப். இருந்தாள். விரல் உயரத்துக்கு. ஓடிக்கொண்டிருந்தாள்.

எண்ணினார். அறுநூறு. எழுநூறு. நிறுத்தக் கூடாது. எச்சில் விழுங்கக் கூடாது. தொண்டை வறண்டு கிழிந்தது. தொள்ளாயிரம். நகத்தளவு. ஆயிரம். வெள்ளைக் கல்லின் காலடியில் அசையும் ஒரு புள்ளி.

ஆயிரத்து ஒன்று.

வலது காதோரம் சூடான மூச்சு பட்டது. வியர்வை வாடை. அவளுடையதுதான்.

"அப்பா," என்றது களைத்த குரல். "இன்னும் எத்தனை சுத்துப்பா?"

போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆயிரத்து இரண்டு," என்றார்.