முதுகில் ஏறியது

மினோரி இவ்வளவு கனமாக இருந்ததில்லை.

இறந்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் நாட்களின் முதல் சாயங்காலம். அந்தப் பள்ளத்தாக்கில் அவர்களை உப்புமூட்டையாகத்தான் கூட்டிவருவார்கள். தெத்சுரோவும் மனைவி மினோரியின் கல்லறைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போலாம்" என்றான். எழுந்தபோது முதுகில் நிஜமாகவே கனம் இருந்தது.

மார்ச்சில், ஆஸ்பத்திரியில், அவளைக் குளியலறைக்குத் தூக்கிப்போனபோது வெறும் துணி மூட்டையாக இருந்தாள். இப்போது தோள் இறங்கியது. செத்த பிறகாவது உடம்பு தேறியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அவள் சாவுக்கு வராத அழுகை இப்போது வந்தது. இந்தக் கனம் போதும், இதை வைத்துக்கொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

ஊதுவத்திப் புகையும் நெல்வயலின் ஈரமும் கலந்து கிடந்த வரப்புப் பாதையில், சிள்வண்டுகளின் இரைச்சல் அவன் நெருங்க நெருங்க அடங்கி, அவன் கடந்துபோன பிறகும் திரும்ப எழாமல் இருந்தது. புல் அறுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஒகிமுரா நிமிர்ந்தார்.

"என்னப்பா, புதுப் பொண்டாட்டி மாதிரி அவ்வளவு பத்திரமா தூக்கிட்டுப் போற? கீழ போட்டுடாத, வருஷம் பூரா திட்டுவா."

"திட்டட்டும் மாமா. கேட்டு நாளாச்சு."

அவர் சிரித்தார். அவருடைய நாய் வயிறு தரையில் தேய ஊர்ந்து வண்டிக்கடியில் போய்ப் புகுந்தது.

வாசலில் வெள்ளை விளக்கு எரிந்தது. மாமியார் ஃபுசாயே எட்டிப் பார்த்தாள்.

"எங்க போயிட்டீங்க மாப்ளே? டீ ஆறுது."

"மினோரியக் கூட்டிட்டு வரத்தான் அத்தை."

"அவள நான் மத்தியானமே தூக்கிட்டு வந்துட்டேனே. நீங்க இன்னிக்குத்தான் அசந்து தூங்கினீங்க, எதுக்கு எழுப்பணும்னு விட்டுட்டேன்." அவள் முகம் கனிந்தது. "பூ மாதிரி லேசா இருந்தா."

அவன் உள்ளே போனான்.

பூஜை மாடத்தின் முன் மினோரி உட்காரும் சின்ன மெத்தை. நடுவில் குழிந்திருந்தது, ஆள் உட்கார்ந்திருப்பது போல. எதிரே அவள் கோப்பை.

பாய்த் தரையில் குந்தினான். கோத்த கைகளை விரித்தான்.

"இறங்கு."

கனம் இறங்கவில்லை. பிடரியில் ஈரம். தோண்டிய மண்ணின் வாசனை. கழுத்தைச் சுற்றி ஏதோ மெல்ல இறுகியது.

"மாப்ளே?" மாமியாரின் குரல் வாசலிலேயே நின்றுவிட்டது.

மெத்தையைப் பார்த்தான். அதை மட்டும்.

"மினோரி," என்றான்.

"ம்."

காதுக்குள். முதுகிலிருந்து.

எதிரே, குழிந்த மெத்தை பாயில் தேய்ந்துகொண்டே பின்வாங்கியது. அவனிடமிருந்து விலகி. சுவரில் முட்டும்வரை.

முட்டிய பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தது.