சின்னக் கதவின் உட்புறம்

கண்ணாடிக்கடைக்காரர் வந்து உட்கார்ந்ததும் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். மூன்றாம் தடவை அவர் கை காதுக்குப் போனபோது டிரில் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

“சொல்லுங்க சார், யார் மேல சந்தேகம்?”

“ஏங்க, முதல்ல அவர் மூச்சு விடட்டும்” என்றார் மாஸ்டரின் மனைவி.

முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதி ஓய்ந்தவர் மாஸ்டர். அவர் மனைவியோ அடிபட்ட வண்டிகளைப் பரிசோதித்து, எது நிஜம் எது புளுகு என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக்கொடுப்பவர். சர்வேயரம்மா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற மறுநாளே மாஸ்டர் தன்னை மனைவிக்கு உதவியாளராக நியமித்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவரும் விடவில்லை.

“என் மச்சினன் என் வண்டிய வேணும்னே கெடுத்துட்டான் மேடம். அத நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்” என்றார் வந்தவர்.

பிறகு கதை வந்தது. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வண்டி மனைவியுடையது, எட்டு மாதம் முன்புவரை அவளேதான் ஓட்டினாள். உடம்பு தளர்ந்ததும் சாவி இவர் கைக்கு வந்தது. வந்த நாளிலிருந்து மேட்டில் ஏறும்போதெல்லாம் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். மனைவியின் தம்பி மெக்கானிக். ஆறு தடவை பார்த்தான், எதையெதையோ மாற்றினான், சத்தம் போகவில்லை. போன வியாழக்கிழமை பாதி மேட்டில் என்ஜின் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. உச்சி வெயிலில் ஒன்றரை மணி நேரம் அவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“சாயங்காலம் அவன் கடைக்கே போய் நாலு பேர் முன்னால கேட்டுட்டேன். ‘உன் அக்காவக் கொல்லப் பாத்தியா’ன்னு. அன்னிலேருந்து அவன் வர்றதில்ல. இவ என்கிட்டப் பேசுறதில்ல.” அவர் குரல் இறங்கியது. “மருந்து குடுத்தா வாங்கிக்கிறா. தண்ணி குடுத்தா குடிக்கிறா. ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா மேடம்.”

மாஸ்டர் தன் நோட்டில் ‘மச்சினன்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

“சத்தம் எப்பவும் வருமா?” என்றார் சர்வேயரம்மா.

“மேட்டுல மட்டும். வெயில் நேரத்துல இன்னும் ஜாஸ்தி.”

“நடுவுல எப்பவாவது நின்னுச்சா?”

“ஒரே ஒரு வாரம். அவன் பிளக் மாத்தினப்ப. அடுத்த வாரமே பழைய குருடி கதவத் திறடின்னு ஆயிடுச்சு.”

“அந்த வாரம் வேற என்ன நடந்துச்சு?”

“ஒண்ணுமில்லயே… பங்க்ல சாதாரண பெட்ரோல் தீந்துபோச்சுன்னு உசந்தத ரொப்பினேன். அவ்வளவுதான்.”

“வழக்கமா எது போடுவீங்க?”

“தொண்ணூத்தொண்ணு. வண்டியச் செஞ்சவன் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கான். அவன விட நமக்குத் தெரியுமா?”

சர்வேயரம்மா பேனாவை மூடி வைத்தார். “வண்டியப் பாக்கலாம்” என்றார்.

மைத்துனன் கடைக்கு அனுப்ப மனமில்லாமல், வண்டியை ஊர் மறுகோடியில் வேறொரு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார் கண்ணாடிக்கடைக்காரர். சர்வேயரம்மாவும் மாஸ்டரும் மட்டும் அங்கே போனார்கள். சாம்பல் நிற வண்டி, ஏழு வயது. என்ஜினைப் பிரித்து எண்ணெய்த் தட்டில் பரப்பியிருந்தார்கள். சர்வேயரம்மா ஒரு பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதன் விளிம்பை எலி கரம்பியதுபோலிருந்தது. ஓரிடத்தில் துண்டே பெயர்ந்திருந்தது.

“சுத்தியல்!” என்றார் மாஸ்டர்.

“என்ஜினுக்குள்ள யாரு போய்ச் சுத்தியலால அடிச்சா? பெட்ரோல்தான் அடிச்சிருக்கு.”

“பெட்ரோலா?”

“அந்த எண் என்னன்னு நினைக்கிறீங்க? பெட்ரோல் எவ்வளவு அழுத்தம் தாங்கும்ங்கிற கணக்கு. பிளக்லேருந்து நெருப்பு பரவி வர்ற வரைக்கும் பொறுமையா இருக்கணும். எண் கம்மியான பெட்ரோல ரொம்பப் போட்டு அழுத்தினா, நெருப்பு வந்து சேர்றதுக்குள்ள மூலையில தானா வெடிச்சுக்கும். உங்க பாஷையில சொன்னா, விசிலுக்கு முன்னாடியே ஓடுறவன்.”

“அவசரக் குடுக்கை!” மாஸ்டருக்குச் சட்டென்று புரிந்தது. “அப்ப எல்லாரும் பெரிய எண்ணே போட்டா வம்பே இல்லையே?”

“சாதாரண என்ஜினுக்கு அது விழலுக்கு இறைச்ச நீர். தொண்ணூத்தொண்ணு போதும்னா அதுக்கு மேல ஊத்தி ஒரு லாபமும் இல்ல. ஆனா இது சாதாரண என்ஜின் இல்லைங்க. இங்க பாருங்க, டர்போ. காத்தப் பிடிச்சு உள்ள திணிக்கிறது. இதே வண்டி ரெண்டு விதமா வந்துச்சு. வெளியில பாத்தா ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். டர்போ வச்சதுக்குத் தொண்ணூத்தஞ்சுக்குக் குறையக் கூடாது. என்ஜின்ல இருக்கிற கம்ப்யூட்டர் இழுவையக் குறைச்சுக் குறைச்சு எட்டு மாசம் சமாளிச்சிருக்கு. மேடும் வெயிலும் வாரத்துல மூணு நாள்னா அதுவும்தான் என்ன பண்ணும்?”

“அப்ப ஒட்டியிருக்கிறது?”

சர்வேயரம்மா வண்டியின் பின்பக்கம் போய், பெட்ரோல் போடும் இடத்தை மூடியிருந்த சின்னக் கதவைத் திறந்தார். உட்புறத்தில் ஒரு சீட்டு. 91 என்று பளிச்சென்று இருந்தது. பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து, டயர் காற்று அளவு சொல்லும் சீட்டைக் காட்டினார். அது வெளுத்து, எழுத்து பாதி அழிந்திருந்தது.

“ஒரே வண்டி. ஒரு சீட்டு கிழடு, ஒண்ணு குமரி” என்று முணுமுணுத்தார் மாஸ்டர்.

“சின்னக் கதவோட திருகாணியையும் பாருங்க. வண்டியில மத்ததெல்லாம் துரு. இது ரெண்டும் மினுங்குது. கீழ ரப்பர் ஓரத்துல பெயிண்ட் தெறிச்சிருக்கு. இந்த இடத்துல வண்டி எங்கயோ உரசியிருக்கு. பூசி மறைச்சிட்டு, இன்னொரு வண்டியோட கதவ மாட்டியிருக்காங்க. அந்த இன்னொரு வண்டி டர்போ இல்லாதது.”

“மச்சினன்தான்! திட்டம் போட்டு…”

“கெடுக்கணும்னு நினைக்கிறவன் கதவ மாத்திட்டு, மாமா என்னிக்குப் படிப்பாருன்னு உக்காந்திருப்பானா? சாவி வந்த நாள்லேருந்தே சத்தம் இருக்கே, அப்ப கதவு மாறினது அவர் கைக்குச் சாவி வர்றதுக்கு முன்னாடி. பழைய எண்ண அவர் பாத்ததே இல்ல.”

“அப்ப யாரு ஓட்டிட்டிருந்தா…” மாஸ்டரின் பேச்சு பாதியில் நின்றது. நோட்டில் அடுத்து எழுத வேண்டிய பெயர் எதுவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேனா இறங்கவில்லை.

“இத எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்” என்றார் சர்வேயரம்மா.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில்தான் எல்லாரும் கூடினார்கள். கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியால் வேறெங்கும் வர முடியாது. இடது கையிலிருந்து இரண்டு சிவப்புக் குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. கையை அசைக்கக் கூடாது. கட்டிலின் ஒரு பக்கம் கண்ணாடிக்கடைக்காரர் நின்றார். சர்வேயரம்மா கூப்பிட்டதற்காக வந்த மைத்துனன், நகக்கண்ணில் கருப்பு எண்ணெயோடு மறுபக்கம் நின்றான். இருவரும் அவளைப் பார்த்தார்களே ஒழிய ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சர்வேயரம்மா தாழ்ந்த குரலில் பிஸ்டனைச் சொன்னார், எண்ணைச் சொன்னார், உசந்த பெட்ரோல் போட்ட அந்த ஒரு வாரத்தைச் சொன்னார். “பிளக் மாத்தினதால சத்தம் நிக்கல. பெட்ரோல் மாறினதால நின்னுச்சு. வண்டியில இருந்த சின்னக் கதவு வேற வண்டியோடது. யாரும் வேணும்னு செய்யல. இதோட விட்டுடலாம்” என்று முடித்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் விடவில்லை. “யாரு மாத்தினா?”

“நான்தான் மாமா. ஒரு நாள் கடையில தெரியாம இடிச்சிட்டேன்” என்றான் மைத்துனன்.

“பொய் சொல்லாதடா.” ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள். “இடிச்சது நான். காலு மரத்துப்போச்சு. பிரேக்ல வச்சிருக்கேனா இல்லையான்னே தெரியல. வீட்டு கேட் தூண்ல உரசிட்டேன். உங்ககிட்டச் சொன்னா இனிமே ஓட்டாதன்னு சொல்லிடுவீங்க. என்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். இவன அழுது கெஞ்சி, உங்களுக்குத் தெரியாம சரி பண்ண வச்சேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “பதினஞ்சு நாள்கூட ஆகல. நானே சாவியக் கொண்டாந்து உங்க கையில குடுத்தேன்.”

“குடுத்த. ஏன்னு நான் கேக்கல” என்றார் அவர்.

“பழைய வண்டிக் கடையில அதே கலர்ல கதவு கெடச்சுது. உள்ள என்ன ஒட்டியிருக்குன்னு பாக்கவேயில்ல.” மைத்துனன் தரையைப் பார்த்தபடி பேசினான். “ஆறு தடவ வண்டியப் பிரிச்சேன். என்ன பெட்ரோல் போடுறீங்கன்னு ஒரு தடவ கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். மாமா படிச்சவரு, சரியாத்தான் போடுவாருன்னு விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்.”

“போட்டது நான்தானடா. கண்ணாடிக் கடையில ஊருக்கெல்லாம் எழுத்தக் காட்டி, கண்ணு தெரியுதான்னு படிக்கச் சொல்றவன். எட்டு மாசமா தப்பான எழுத்தப் படிச்சு என் கையாலயே ஊத்தியிருக்கேன்.”

மாஸ்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பள்ளியில் ஜன்னல் உடைந்தால் நாற்பது பிள்ளைகளும் ‘நான் இல்ல சார்’ என்பார்கள். அதற்கு அவரிடம் வழி இருந்தது. மூன்று பேரும் ‘நான்தான்’ என்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நான் இப்ப யார் மேல கோவப்படறது மேடம்?” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அவர் நிஜமாகவே கேட்டார்.

“தெரியலீங்க” என்றார் சர்வேயரம்மா.

நர்ஸ் வந்து, இத்தனை பேர் நிற்கக் கூடாது என்றாள். கட்டிலில் கிடந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் ஒரு துளி வழிந்தது. துடைக்க ஒரு கைதான் இருந்தது. அதையும் அவள் தூக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் தன் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

வெளியே நடைகூடத்துப் பெஞ்சில் மாமனும் மைத்துனனும் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

“எப்படி வீட்டுக்குப் போவீங்க?” என்றான் மைத்துனன்.

“டாக்சிதான். மேட்டுக்கு வரணும்னா நாலு பேரு மாட்டேன்னு சொல்றான்.”

“கடை வேன் கொண்டாந்திருக்கேன். ஆனா முன்னால ரெண்டு சீட்டுதான் மாமா.”

“உங்க அக்கா உக்காரட்டும். நான் பின்னால டயரு மேல உக்காந்துக்கறேன்.”

“டயரெல்லாம் ஒரே அழுக்கு மாமா.”

“இருக்கட்டும்.”

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வேயரம்மா அவர் முழங்கையை மெல்லப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினார். பெஞ்சில் இருவரும் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவள் எழுந்து வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.