கொலுமண்டபத்துக் கடைசி முட்டு

வலது தோள் தீயாய் எரிந்தது. பகலெல்லாம் சாந்துக்கூடை சுமந்த தோள். மாயன் என்று பெயர் சொல்லி வேலைக்குச் சேர்ந்திருந்த அந்த வாலிபன் கொலுமண்டபத்து வாசலோரத் தூணொன்றில் சாய்ந்து நின்றான்.

வாசக அன்பர்களே, அந்தி மயங்கி வைகை நீரில் நிலவு இறங்கும் அவ்வேளையில் கீழைமங்கலத்துப் புதிய அரண்மனையைக் கண்டவர்கள் வாய் பிளந்திருப்பார்கள்: நால்வர் கைகோத்தாலும் அணைக்க முடியாத வெண்தூண்கள், இத்தாலி தேசத்துச் சிற்பி வரைந்துகொடுக்க நம் கொத்தர்கள் எழுப்பிய வளைவுகள், அவற்றின்மேல் உத்திரம் ஒன்றுமின்றிச் செங்கல்லாலும் சாந்தாலும் கவிந்த மாபெரும் குவிமாடம். அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது அழகு, சுமந்தவர்களுக்குக் கழுத்துவலி.

மாடத்தைத் தாங்கிய முட்டுக்கட்டைகளில் ஒன்றுதான் மிச்சம். அதை இழுக்கும்போது, கட்டியவர்களை நம்பி அரசர் அடியில் நிற்பது அவ்வூர் வழக்கம். அரசருக்குக் காய்ச்சல், விளக்கேந்தி வந்து நின்றவள் அவர் மகள் அலர்மேல்வல்லி. மற்றவர்கள் முற்றத்துக்கு விலகிவிட்டார்கள். முட்டில் கட்டிய கயிறு மாயன் கையில் இருந்தது.

அவன் இழுக்கவில்லை.

“என்னப்பா, கை ஓய்ந்துவிட்டதா?” என்றாள் இளவரசி.

“வெளியே வந்துவிடுங்கள், அம்மணி. உச்சி வளையத்துச் சாந்தில் சுண்ணாம்பைக் குறைத்துச் சாம்பலைக் கலந்திருக்கிறேன். முட்டு போனால் மாடம் நிற்காது.”

அவள் மெல்ல நடந்து அவனருகே வந்தாள்.

“நீ சுமைக்காரன் இல்லையென்று நேற்றே தெரியும். எல்லோரும் தலையில் சுமக்கிறார்கள். நீ மட்டும் தோளில். ஒற்றன்தானே, எங்கள் அரண்மனையைப் பார்த்து வயிறெரியட்டும் என்று விட்டுவைத்தேன். கொலைகாரன் என்று நினைக்கவில்லை.”

“கடம்பங்குளத்துப் பாளையக்காரர் மகன் சேதுராயன் நான். என் தகப்பனார் உங்கள் நிலவறையில் கிடக்கிறார். மாடம் உங்கள் தந்தைமேல் விழும் குழப்பத்தில் என் தகப்பனாரை மீட்க வெளியே என் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.”

“என்மேல் விழுந்தாலும் குழப்பம் வந்திருக்குமே?”

“வந்திருக்கும்” என்றான், தரையைப் பார்த்து.

அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

“நாழிகை சரியில்லையென்று முற்றத்தில் நிற்பவர்களை அனுப்பிவிடுகிறேன். மாடத்தைப் பிரித்துக் கட்டட்டும். என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். நீங்கள் மண்டபத்துக்குப் பின்னாலுள்ள மதகுவழியே ஆற்றில் இறங்கிப் போய்விடுங்கள்.”

“என் தகப்பனார்?”

“நிலவறைச் சாவி அப்பாவின் இடுப்பில் இருக்கிறது. இன்று என்னால் ஆகாது.”

அவன் மதகின் படியில் கால் வைத்தான்.

“சேதுராயரே,” என்றாள் அவள் தாழ்ந்த குரலில், “உங்கள் தகப்பனாரை உங்களிடம் ஒப்படைக்க வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.”